ஜெனோவாவின் பெஸ்டோ லிமாவின் மதியச் சாப்பாடு ஆன கதை

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில், மதிய வேளையில் ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால், அன்றைய உணவுப் பட்டியலில் அடிக்கடி தென்படும் பெயர் தயாரினெஸ் வெர்தெஸ். பச்சை நூடுல்ஸ் என்று பொருள். கீரைப் பச்சையில் வழவழப்பான ஒரு சாஸ், அதில் புரட்டிய பாஸ்தா, அதன் மேல் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த அகலமான மெல்லிய மாட்டிறைச்சித் துண்டு. பக்கத்திலேயே மஞ்சள் சாஸ் ஊற்றிய அவித்த உருளைக்கிழங்கும் இருந்தால் சாப்பிடுபவருக்கு அன்று யோகம்தான்.

இத்தாலியின் பெஸ்டோவை அறிந்தவர்களுக்கு இந்தத் தட்டு கொஞ்சம் அதிர்ச்சி தரும். பெஸ்டோ என்பது பேசில் இலை, பூண்டு, பைன் கொட்டை, பாலாடைக்கட்டி, ஆலிவ் எண்ணெய், கல்லுப்பு ஆகியவற்றைச் சலவைக்கல் உரலில் இடித்துச் செய்வது. பேசில் நமக்குப் புதிய செடி அல்ல. திருநீற்றுப் பச்சிலை என்று நாம் சொல்வதும், சப்ஜா விதை தருவதும் இதே இனம்தான். லிமாவின் பச்சை சாஸிலோ பேசிலைவிடப் பாலக் கீரை தூக்கலாக இருக்கும். பைன் கொட்டை இருக்காது. வதக்கிய வெங்காயம் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், டப்பாவில் அடைத்த கெட்டிப்பால் இருக்கும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: கப்பலேறி வந்த இத்தாலியர்களுக்கு ஊர்ப் பொருட்கள் கிடைக்கவில்லை, கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள், அப்படிப் பிறந்ததுதான் இது. புலம்பெயர்ந்தோர் உணவு எதை எடுத்தாலும் இந்தக் கதையைத்தான் சொல்கிறோம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பாதிதான் உண்மை. பொருள் கிடைத்ததா இல்லையா என்பதைவிட, அடுப்படியில் நின்றது யார், அந்த வீட்டில் சாப்பாட்டை எப்படிப் பரிமாறினார்கள் என்பதுதான் இந்த உணவை உருவாக்கியது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில், எந்த இத்தாலியர்கள் வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் பக்கம் போனவர்களில் பெரும்பாலோர் நேபிள்ஸ், சிசிலி போன்ற தென்பகுதிக்காரர்கள். அதனால்தான் அங்கே இத்தாலியச் சாப்பாடு என்றாலே தக்காளிச் சிவப்பும் இறைச்சி உருண்டையும். பெருவுக்கு வந்தவர்களோ மிகப் பெரும்பாலும் வடமேற்குக் கரையான லிகூரியாவிலிருந்து, அதாவது ஜெனோவாவையும் அதைச் சுற்றிய சிற்றூர்களையும் சேர்ந்தவர்கள். ஜியோவான்னி பத்திஸ்தா என்ற பெயரை ஜெனோவாவில் செல்லமாக பச்சிச்சா என்பார்கள். அது அங்கே தெருவுக்கு நாலு பேருக்கு இருந்த பெயர். பெருவில் இத்தாலியர் எல்லோருக்குமே ‘பச்சிச்சே’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது என்றால், ஜெனோவாக்காரர்கள் எந்த அளவுக்கு நிறைந்திருந்தார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். நியூயார்க்கின் தட்டு சிவப்பாகவும் லிமாவின் தட்டு பச்சையாகவும் இருப்பதற்குக் கப்பல் புறப்பட்ட துறைமுகமே முதல் காரணம்.

அவர்களை இழுத்து வந்தது பறவை எச்சம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பெருவின் கரைக்கு அப்பாலுள்ள சின்சா தீவுகளில் கடற்பறவைகளின் எச்சம் பல நூற்றாண்டுகளாக மழையே படாமல் மலைபோலக் குவிந்து கிடந்தது. குவானோ எனப்படும் இதற்கு உரமாக ஐரோப்பாவில் பெரும் கிராக்கி. 1840-களில் தொடங்கி 1870-கள் வரை பெருவின் கஜானாவை நிரப்பியது இதுதான். லிமாவை ஒட்டிய காயாவோ துறைமுகத்தில் கப்பல்கள் நெருக்கியடித்தன. கடலோடிகளான ஜெனோவாக்காரர்கள் அவற்றில் வந்து, சிலர் கரையிலேயே தங்கிவிட்டார்கள். பின்னாளில் இத்தாலியை ஒன்றிணைத்த போர்வீரரான கரிபால்டியே 1851-ல் லிமாவுக்கு வந்தவர்தான். பெருவின் குடியுரிமை பெற்று, அங்கிருந்த ஜெனோவா வணிகர் ஒருவருக்குச் சொந்தமான ‘கார்மென்’ என்ற கப்பலின் தலைவராகி, 1852 தொடக்கத்தில் குவானோ ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் போனார்.

ஆர்ஜென்டினாவில் இறங்கிய இத்தாலியர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். பெருவுக்கு வந்தவர்கள் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாத அளவுக்குச் சில ஆயிரம் பேர்தான். இத்தனை சிறிய கூட்டம் ஒரு தலைநகரின் அன்றாடச் சாப்பாட்டையே எப்படி மாற்றியது? அவர்கள் செய்த தொழிலைப் பார்த்தால் புரியும். வந்தவர்களில் பலர் வயல்வெளிக்குப் போகவில்லை. லிமாவிலும் காயாவோவிலும் தெருமுனைகளில் மளிகைக் கடை வைத்தார்கள். புல்பெரியா என்று அதற்குப் பெயர். அரிசி, சர்க்கரை, எண்ணெய், மெழுகுவர்த்தி முதல் ஒரு குவளை மது வரை எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்காரர் கடைக்குப் பின்னாலேயே குடியிருப்பார். கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஊரிலிருந்து தம்பியையோ அக்கா மகனையோ வரவழைப்பார். அந்தப் பையன் சில வருடம் வேலை பழகிவிட்டு அடுத்த தெருமுனையில் தன் கடையைத் திறப்பான். இன்னும் சிலர் நகரைச் சுற்றிக் காய்கறித் தோட்டமும் திராட்சைத் தோட்டமும் போட்டார்கள். காசு புரண்டவர்கள் இறக்குமதியில் இறங்கினார்கள், ஆலை கட்டினார்கள். 1889-ல் பாங்கோ இத்தாலியானோ என்று சொந்தமாக வங்கியே தொடங்கினார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இத்தாலியின் பெயரை வைத்துக்கொண்டிருப்பது சங்கடமானதும், அது பாங்கோ தே கிரெதிதோ என்று பெயர் மாறியது. இன்று பெருவின் மிகப் பெரிய வங்கி அதுதான்.

சாப்பாட்டுக் கதைக்கு வங்கியைவிட முக்கியமானது மளிகைக் கடை. ஒரு நகரத்தின் ஏழையும் நடுத்தர வர்க்கமும் தினமும் போய் நிற்கும் இடம் அது. கடைக்காரர் வீட்டில் என்ன வேகிறது என்று வாசனையிலேயே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். நூறு சிறப்பு உணவகங்கள் செய்ய முடியாததை ஆயிரம் தெருமுனைக் கடைகள் செய்துவிடும்.

அப்புறம் கல்யாணம். வந்தவர்களில் பெரும்பாலோர் மணமாகாத இளைஞர்கள். ஊருக்குப் போய்ப் பெண்ணெடுத்து வந்தவர்களும் உண்டு. ஆனால் ஏராளமானோர் உள்ளூர்ப் பெண்களையே மணந்துகொண்டார்கள். அந்தக் கணவனுக்கு இடித்த பேசிலும் பூண்டும் போட்ட பாஸ்தாவின் ருசி நாக்கில் இருந்தது. சமைத்த மனைவிக்கோ பெருவின் சமையல் கையில் இருந்தது. தயாரினெஸ் வெர்தெஸின் ஒவ்வொரு வினோதமும் இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

பொருள் கிடைக்காத கதையை இப்போது சோதித்துப் பார்க்கலாம். பைன் கொட்டை பெருவில் விளையாது, சரி. அதற்குப் பதில் வால்நட்டோ, தெற்கே இக்கா பகுதியில் விளையும் பெக்கான் கொட்டையோ வந்தது. ஆனால் ஆலிவ்? அது ஜெனோவாக்காரர்களுக்கு முந்நூறு வருடம் முன்பே பெருவில் இருக்கிறது. 1560-ல் அந்தோனியோ தே ரிபேரா என்ற ஸ்பானியர் செவியாவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆலிவ் கன்றுகளைக் கொண்டுவந்ததாகவும், கடற்பயணத்தில் மூன்றே மூன்று பிழைத்ததாகவும், அவற்றை அடிமைகளையும் நாய்களையும் வைத்துக் காவல் காத்தும் ஒன்று திருடுபோய்ச் சிலே நாட்டில் முளைத்ததாகவும் பழைய வரலாற்றாசிரியர் கார்சிலாசோ எழுதியிருக்கிறார். லிமாவின் சான் இசித்ரோ பகுதியில் ஆலிவ் தோப்பு ஒன்று இன்றும் பூங்காவாக இருக்கிறது. பேசிலும் பஞ்சமில்லை. மழையே பெய்யாத, ஆனால் கடுங்குளிரும் இல்லாத லிமாவில் ஆற்றுப் பாசனத்தில் அது வருடம் முழுக்கத் தழைக்கும். பார்மிசான் பாலாடைக்கட்டியை இறக்குமதி செய்யும் கடைகளோ அவர்கள் ஆட்களுடையவை. ஆக, கூட்டிக்கழித்துப் பார்த்தால் உண்மையில் இல்லாதது பைன் கொட்டை ஒன்றுதான். மற்ற மாற்றங்களுக்கெல்லாம் வேறு காரணம் தேட வேண்டும்.

அந்தக் காரணம் பெருவின் அடுக்களையிலேயே இருக்கிறது. அரெகிபா நகரத்துப் பழைய உணவு ஒன்று, ஒகோபா. வகதாய் என்ற வாசனைத் தழை, வறுத்த வேர்க்கடலை, மஞ்சள் மிளகாய், புதிய பாலாடைக்கட்டி, பால், எல்லாவற்றையும் அரைத்து அவித்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றுவது. இதன் உறவுதான் லிமாவில் எங்கும் கிடைக்கும் வாங்கயீனா சாஸ்: மஞ்சள் மிளகாய், பாலாடைக்கட்டி, பால், எண்ணெய், கொஞ்சம் உப்பு பிஸ்கட். இவற்றை அரைத்தது பத்தான் என்ற கல்லில். நம் அம்மிக்கு அண்ணன் என்று சொல்லலாம். குழவி மட்டும் பிறைபோல வளைந்து, உருட்டாமல் இப்படியும் அப்படியும் ஆட்டி அரைப்பதாக இருக்கும்.

தழை, கொட்டை, பாலாடைக்கட்டி, எண்ணெய், கல்லில் அரைப்பது. கணவன் பெஸ்டோ எப்படிச் செய்வது என்று விவரித்தபோது அந்தப் பெண்ணுக்கு அது அந்நியமாகவே பட்டிருக்காது. ஒகோபா செய்யத் தெரிந்த கைக்குப் பெஸ்டோ இன்னொரு தழையில் செய்யும் ஒகோபா. இது என் ஊகம்தான். ஆனால் தயாரினெஸ் வெர்தெஸில் பால் ஏன் வந்தது, உலர்ந்த இத்தாலியப் பாலாடைக்கட்டிக்குப் பதில் கேசோ ஃபிரெஸ்கோ என்ற ஈரமான புதுப் பாலாடைக்கட்டி ஏன் வந்தது என்ற கேள்விகளுக்கு இதைவிடப் பொருத்தமான விடை எனக்குத் தெரியவில்லை. அவை மாற்றுப்பொருட்களாக வரவில்லை. பெருவில் ஒரு சாஸ் என்றால் அப்படித்தான் இருக்கும். பார்மிசானை யாரும் தூக்கி எறியவும் இல்லை. கடைசியில் மேலே துருவித் தூவுகிறார்கள்.

பாலிலிருந்து டப்பா கெட்டிப்பாலுக்கு மாறியது இருபதாம் நூற்றாண்டில். பாலைவனக் கரையில் ஒட்டிய பெருநகரத்துக்குத் தினமும் புதிய பால் கொண்டுவருவது சிரமம். குளிர்பெட்டி எல்லா வீட்டிலும் இல்லாத காலத்தில் கெடாத பால் பெரிய வசதி. 1941-ல் அரெகிபாவில் தொடங்கிய க்ளோரியா நிறுவனத்தின் டப்பா பெருவின் அடையாளங்களில் ஒன்றாகவே ஆகிவிட்டது. தண்ணீரைப் பாதிக்கு மேல் சுண்ட வைத்த, சர்க்கரை சேர்க்காத பால் அது. அதன் லேசான காய்ச்சிய இனிப்பு இன்று இந்தச் சாஸின் ருசியில் கலந்துவிட்டது. புதுப்பால் ஊற்றிச் செய்தால் ஏதோ குறைகிறது என்பார்கள் லிமாக்காரர்கள்.

அடுத்தது பாலக். செலவு குறைய, பேசிலின் காரமான வாசனை அடங்க என்று பலவும் சொல்வார்கள். நான் முக்கியமாக நினைப்பது சூடு. ஜெனோவாவில் பெஸ்டோவை அடுப்பில் வைக்கவே மாட்டார்கள். பச்சையாக இடித்து, பாஸ்தா வெந்த தண்ணீர் கொஞ்சம் விட்டுத் தளர்த்திக் கலப்பதோடு சரி. பெருவின் சமையலிலோ எல்லாமே அதெரேசோவில் தொடங்கும்: எண்ணெயில் வெங்காயமும் பூண்டும் நிதானமாக வதங்க வேண்டும். அது இல்லாமல் சாஸ் என்ற பேச்சே இல்லை. அந்த வதக்கலோடு பேசிலைச் சேர்த்துச் சூடாக்கினால் என்ன ஆகும்? பேசில் நசுங்கினாலே அதிலுள்ள நொதி காற்றோடு சேர்ந்து இலையைக் கறுக்க வைக்கும். சூடு பட்டால் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் கழன்று, நிறம் பழுப்புக் கலந்த ஆலிவ் பச்சையாக மங்கும். பாலக் இந்த விஷயத்தில் கெட்டிக்காரக் கீரை. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்துக் குளிர்ந்த நீரில் அலசினால் நொதி செயலிழக்கும், பச்சை நிலைக்கும். பாலும் பாலாடைக்கட்டியும் அதிகப் புளிப்பில்லாதவை என்பதால் நிறத்தைக் கெடுக்காது. சுடச்சுடப் பரிமாறும் பச்சை சாஸ் வேண்டுமென்றால் வேலையைச் செய்வது பாலக். வாசனையைத் தருவது பேசில். இரண்டுக்கும் விகிதம் வீட்டுக்கு வீடு வேறு. பாலக் இரண்டு பங்கு, பேசில் ஒரு பங்கு என்பார் ஒருவர். சமபங்கு போடாவிட்டால் அது வெறும் கீரைக் கூழ் என்று சண்டைக்கு வருவார் இன்னொருவர். எனக்கு இரண்டாமவரோடுதான் ஒத்துப்போகிறது.

மிக்ஸி வந்த பிறகு வேலை எளிதாகிவிட்டது. வதக்கிய வெங்காயம், பூண்டு, வெந்த பாலக், பச்சையான பேசில், பாலாடைக்கட்டி, கொட்டை, கெட்டிப்பால், எண்ணெய், எல்லாம் ஒரே ஜாரில். பாஸ்தாவை இத்தாலியர்கள்போல நடுவில் கடிபடுகிற பதத்தில் இறக்க மாட்டார்கள், நன்றாகவே வேகவிடுவார்கள். அந்தப் பாஸ்தா பொட்டலங்களின் பெயரைப் பாருங்கள்: நிக்கோலினி, லவாஜி. குடியேறிய குடும்பங்களின் பெயர்கள் இன்று ஆலிகார்ப் என்ற பெருநிறுவனத்தின் வணிகப் பெயர்களாகிக் கடை அலமாரியில் இருக்கின்றன.

இனி அந்த இறைச்சித் துண்டுக்கு வருவோம். இத்தாலியர்களை உண்மையில் திடுக்கிட வைப்பது பாலும் பாலக்கும் அல்ல; பாஸ்தாவின் தலையில் இறைச்சியை வைத்திருப்பதுதான். அவர்கள் சாப்பாட்டில் பாஸ்தா முதல் சுற்று. அது முடிந்து தட்டை எடுத்த பிறகுதான் இரண்டாம் சுற்றாக இறைச்சியோ மீனோ வரும். ஒரு சுற்றை இன்னொன்றோடு கலப்பது ஒழுங்கு மீறல். பெருவின் மதியச் சாப்பாட்டுக்கு வேறு இலக்கணம். முதலில் ஒரு சூப்போ சிறு பண்டமோ. அடுத்து செகுந்தோ எனப்படும் ஒரே பெரிய தட்டு. அந்தத் தட்டில் மாவுப்பொருளும் இறைச்சியும் சேர்ந்தே இருந்தாக வேண்டும். வெறும் பாஸ்தாவை மட்டும் செகுந்தோ என்று நீட்டினால், ‘இறைச்சி எங்கே?’ என்று கேட்பார்கள். அதனால் இத்தாலியின் இரண்டு சுற்றுகள் லிமாவில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. மேலே இருக்கும் பொரித்த இறைச்சியும் மிலான் நகரத்துக் கட்லெட்டின் வாரிசுதான். பெருவில் பிஸ்தெக் அபனாதோ. வசதி குறைந்த நாளில் அந்த இடத்தில் பொரித்த முட்டை.

பக்கத்திலுள்ள உருளைக்கிழங்கின் கதை இன்னும் சுவாரசியம். லிகூரியாவில் பெஸ்டோ பாஸ்தா செய்யும்போது அதே பாத்திரத்தில் உருளைக்கிழங்குத் துண்டுகளையும் பீன்ஸையும் சேர்த்து வேகவிடுவது பழைய வழக்கம். கிழங்கின் மாவு பெஸ்டோவைப் பாஸ்தாவோடு ஒட்ட வைக்கும். அந்த உருளைக்கிழங்கை முதன்முதலில் பயிராக்கியவர்கள் ஆண்டிஸ் மலை மக்கள், இன்றைய பெருவிலும் பொலிவியாவிலும் வாழ்ந்தவர்கள். ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், மெல்ல அது லிகூரியாவின் மலைச்சரிவுக்கு வந்து, பெஸ்டோவோடு சேர்ந்தது. பெஸ்டோ பெருவுக்கு வந்ததும் உருளைக்கிழங்கு தட்டின் ஓரத்துக்குப் போய், வாங்கயீனா சாஸைப் போர்த்திக்கொண்டது.

சரி, இது ‘உண்மையான’ பெஸ்டோவா? இந்தக் கேள்விக்கு ஜெனோவா இன்று கறாரான பதில் வைத்திருக்கிறது. ஜெனோவா பேசிலுக்கு 2005-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்புப் பெயர் கிடைத்தது. 2007 முதல் அந்த நகரின் பழைய அரண்மனையில் உரலில் இடிக்கும் பெஸ்டோவுக்கு உலகப் போட்டியே நடக்கிறது; என்னென்ன பொருள் என்பதில் விதி உண்டு. ஆனால் குவானோக் கப்பல்கள் ஓடிய அதே 1860-களில் ஜெனோவாவில் அச்சான ஒரு சமையல் நூலில் உள்ள பெஸ்டோ செய்முறை வேறுவிதமாக இருக்கிறது. பேசில் இல்லையென்றால் மர்ஜோரமும் பார்ஸ்லியும் போடலாம் என்கிறது அது. பார்மிசானோடு ஹாலந்துப் பாலாடைக்கட்டியைக் கலக்கச் சொல்கிறது. வெண்ணெயும் கொஞ்சம் உண்டு. லிகூரியாவின் சில ஊர்களில் பிரெஷின்சுவா என்ற புளித்த தயிர்ப்பாலாடையைப் பெஸ்டோவில் சேர்ப்பது இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆக, கப்பலேறியவர்களின் மனதில் இருந்த பெஸ்டோ, இன்றைய போட்டி விதிகளில் உள்ளதைப்போல இறுகிப்போன ஒன்றாக இருக்கவில்லை. கிடைத்த தழையைப் போடலாம், பால்பொருளைச் சேர்க்கலாம் என்ற நெகிழ்வோடுதான் அது பெருவுக்கு வந்தது. ஜெனோவா பிற்பாடு அதற்கு வேலி கட்டியது, லிமா கட்டவில்லை. லிமாக்காரர்களைப் பார்த்துப் ‘பெஸ்டோவைக் கெடுத்தவர்கள்’ என்று சொல்பவர்களிடம் இந்தப் பழைய செய்முறையைத்தான் நீட்ட வேண்டும்.

இதே சாஸின் இன்னொரு வடிவம் மெனெஸ்த்ரோன் சூப்பில் இருக்கிறது. ஜெனோவாவில் காய்கறி சூப்பில் கடைசியாக ஒரு கரண்டி பெஸ்டோ கலப்பார்கள். லிமாவின் மெனெஸ்த்ரோனிலோ மாட்டிறைச்சி, பெரிய மணி மக்காச்சோளம், மரவள்ளிக்கிழங்கு, புதுப் பாலாடைக்கட்டி எல்லாம் உண்டு. நிறம் மட்டும் அதே பச்சை. ஜனாதிபதி மாளிகைக்குப் பக்கத்தில் 1905-லிருந்து இருக்கும் எல் கோர்தானோ, இத்தாலியக் குடியேறிகள் தொடங்கிய கடை. இந்த வகைச் சமையலுக்குப் பேர்போனது. இன்று அதை யாரும் இத்தாலிய உணவகம் என்று சொல்வதில்லை. பழைய லிமாக் கடை, அவ்வளவுதான்.

தயாரின் என்ற பெயர் அதன் பிறகு இத்தாலியர்களை விட்டே போய்விட்டது. தக்காளியும் பங்கா மிளகாயும் சேர்த்துக் கோழியோடு வேகவைத்தால் சிவப்புத் தயாரின். 1849 முதல் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்களின் வழிவந்தவர்கள், பெரும் தீயில் சோயா சாஸ் ஊற்றி, இறைச்சியும் வெங்காயமும் தக்காளியும் போட்டுப் புரட்டி எடுத்தால் தயாரின் சால்தாதோ. அதற்கும் பெரும்பாலும் அதே இத்தாலியப் பாஸ்தாப் பொட்டலம்தான். தெருவோர வண்டிகளில் கொம்பினாதோ என்று ஒன்று விற்கிறார்கள்: தயாரினும், வாங்கயீனா உருளைக்கிழங்கும், எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனான செவிச்சேயும் ஒரே தட்டில். எந்த சாஸ் எதோடு சேர்ந்தாலும் சாப்பிடுபவர்கள் கவலைப்படுவதில்லை. முள்கரண்டி ஒன்றுதான் தருவார்கள்.